தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒகேனக்கல் வரை: இரண்டு நாள் சைக்கிள் பயண ஏற்பாடு பற்றி

தேன்கனிக்கோட்டையில் சைக்கிளை வாடகைக்குக் கொடுத்து, உடன் ஆளையும் அனுப்பி, காட்டோரச் சாலைகளில் இரண்டு நாள் அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, பேருந்து நிலையத்தில் இறங்கி ‘சைக்கிள்காரர் வீடு’ என்று கேட்டால் வழி காட்டுகிறார்கள். தை மாதக் கடைசியில் வந்த ஒரு சனி, ஞாயிறு இரு நாளும் நானும் என் தங்கையும் இவர்களோடு போய் வந்தோம். தருமபுரியிலேயே பிறந்து வளர்ந்து, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு எத்தனையோ முறை பேருந்தில் போயிருந்தும், அதே ஊருக்கு வடக்கே அஞ்செட்டிக் காட்டிலிருந்து இறங்கி வரும் சாலையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஆளுக்கு 4,200 ரூபாய் வாங்குகிறார்கள். கியர் சைக்கிள், தலைக்கவசம், ஓர் இரவுத் தங்கல், சாப்பாடு, பைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் சிறு வண்டி, முடிவில் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவது ஆகிய எல்லாம் இதற்குள் அடக்கம். ஒரு பயணத்துக்கு ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தொகை கூடுதலாக இருக்கிறதே என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்மை. ஆனால் எந்தச் சாலையில் எந்த மணிக்கு வண்டி வரும், எந்த மணிக்கு வராது என்பது இவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. விடியற்காலையில் பால் வண்டிகளும், தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு ஓசூர் போகும் வண்டிகளும் ஓடி முடிந்து, பள்ளிக்கூட நேரமும் தாண்டிய பிறகு, அந்தச் சிற்றூர்ச் சாலைகள் நண்பகல் வரை ஓய்ந்து கிடக்கின்றன. அந்த இடைவெளி பார்த்துத்தான் எங்களைக் கிளப்பினார்கள். முதல் நாள் ஊரை விட்டு வெளியேறிய பின் இரண்டரை மணி நேரத்தில் எங்களைக் கடந்து போனவை ஓர் அரசுப் பேருந்து, இரண்டு டிராக்டர்கள், ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள், அவ்வளவுதான். அதே வழியில் இரண்டு மணி நேரம் முன்போ பின்போ போயிருந்தால் இந்த நிம்மதி கிடைத்திருக்காது.

வாகனம் இல்லாத சாலை ஆள் இல்லாத சாலை என்று நினைத்துக்கொண்டு போனவர்களுக்கு இந்தப் பயணம் முதல் பத்து கிலோமீட்டரிலேயே வேறு பாடம் சொல்லிவிடுகிறது. கொள்ளு அறுவடைக் காலம் என்பதால் இரண்டு இடங்களில் சாலையின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி இறங்கினால் காய் வெடித்துப் பருப்பு உதிரும் என்பதற்காக எங்கள் மாவட்டங்களில் நெடுங்காலமாகச் செய்வதுதான் இது. காருக்கு இது ஒன்றும் பெரிதில்லை, சைக்கிளுக்கு ஆபத்து. காய்ந்த கொடி டயருக்கு அடியில் வழுக்கும், பின்சக்கரத்தோடு சுழன்று போய் ஃப்ரீவீலுக்குள் சுற்றிக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவர் இறங்காமல் ஓட்டிப் பார்த்ததில் பல்சக்கரங்களுக்கு இடையே கொடி கயிறு போல முறுக்கிக்கொள்ள, வழிகாட்டி உட்கார்ந்து ஸ்பேனர் முனையால் அதைத் துணுக்குத் துணுக்காகப் பிடுங்கி எடுத்தார். பிடுங்கிய கொடியில் ஒட்டியிருந்த பருப்பைக் கையில் தேய்த்து உதிர்த்து, ஓரத்தில் குவித்து வைத்திருந்த குவியலில் போட்டுவிட்டு வந்ததை நான் கவனித்தேன். கொடி பரப்பிய பெண்மணி, “தள்ளிக்கினு போங்க கண்ணு, ரெண்டு நிமிசம்தானே” என்றார். அதன் பிறகு கொள்ளு கிடந்த இடங்களில் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவருடைய களத்தின் குறுக்கே நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்; அதற்குரிய மரியாதையை இந்த வழிகாட்டிகள் கேட்டு வாங்குகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காட்டுக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்கும் அப்படித்தான். இந்தப் பகுதியின் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தின் ஊடாகச் செல்லும் பொதுச்சாலையில் யாரும் கடந்து போகலாம். சாலையை விட்டு உள்ளே இறங்க அனுமதி வேண்டும். இவர்கள் தார்ச்சாலையை விட்டு ஓர் அடி கூட இறங்க விடுவதில்லை. மண் தடங்களைக் கண்டதும் சைக்கிளைத் திருப்ப ஆசைப்பட்ட இளைஞர் ஒருவரிடம், “வேணாங்கண்ணா, அது நம்ம வழி இல்ல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் காட்டுச் சாலையில் சக்கரம் உருளக் கூடாது என்பது இன்னொரு விதி. ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு கதிர் முற்றும் சமயம் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்து, மாசி வரையில் கூட இங்கே சுற்றுவது ஆண்டுதோறும் நடப்பது. வயலோர மரங்களில் கட்டியிருந்த காவல் பரண்கள் நாங்கள் போனபோதும் பிரிக்கப்படாமல் இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்கிளின் பெருமையே சத்தமில்லாமல் போவதுதான் என்று நாம் கொண்டாடுகிறோம். காட்டில் அதுவே கேடாக முடியலாம். பேருந்து வருவதை யானை வெகு தொலைவிலேயே கேட்டு விலகிக்கொள்ளும். சைக்கிள் பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும், அப்போது அது மிரளும், கரடியும் அப்படியே. ஆகவே மறைவான ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வழிகாட்டி வேகத்தைக் குறைத்து, மணியை மூன்று முறை அடித்து, சிறிது நேரம் காத்திருந்து, பிறகே வளைந்தார். அந்தக் காத்திருப்பில்தான் காடு காதில் விழுந்தது: எங்கோ குக்குறுவான் விடாமல் தட்டும் ஒலி, மூங்கில் ஒன்றோடொன்று உரசும் முனகல், காய்ந்த ஆச்சா இலை சாலையில் நகரும் சரசரப்பு. குழுவில் ஒருவர் கைப்பேசியில் பாட்டுப் போட்டபோது, கடுகளவும் முகம் சுளிக்காமல் நிறுத்தச் சொன்னார்கள். அவரும் நிறுத்திவிட்டார்.

இனி குறைகள். முதல் நாள் அய்யூர் தாண்டிப் பெட்டமுகிலாளம் நோக்கி ஏறும் சாலையில் என் சைக்கிளின் முன்பக்க கியர் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்க மறுத்துவிட்டது. அந்தச் சைக்கிளில் முன்னால் 42, 34, 24 பற்களோடு மூன்று பல்சக்கரங்கள். பின்னால் பெரியது 28 பற்கள். 24-இல் வைத்தால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் உருளும், மூச்சு வாங்காமல் ஏறலாம். 34-இல் மாட்டிக்கொண்டால் ஒரு சுற்றுக்கும் மேல் உருட்டியாக வேண்டும், முழங்கால் தாங்காது. கம்பி துருப்பிடித்து உறைக்குள் இறுகியிருந்ததுதான் காரணம். முந்தைய நாள் ஒரு முறை மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பாதி ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். அன்று இரவே புதுக்கம்பி போட்டு, சக்கரத்துக்குக் கோட்டமும் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கியராவது ஒருநாள் பழுது. டயர் அப்படியல்ல, அது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. எல்லாச் சைக்கிள்களிலும் கட்டை கட்டையாக முண்டு வைத்த, சேற்றுக்கு ஏற்ற அகல டயர்களைப் போட்டிருக்கிறார்கள். ஓட்டுவதோ முழுக்கத் தார்ச்சாலையில். இறக்கத்தில் வேகம் பிடித்தால் அந்த முண்டுகள் வண்டு போல இரைகின்றன. ஆறு சைக்கிள்களும் சேர்ந்தால் பக்கத்தில் வருபவர் பேசுவது கேட்பதில்லை. அமைதிக்காகவே வரும் மக்களை ஏற்றிச் செல்லும் சைக்கிளுக்கு, அதே அகலத்தில் வழவழப்பான டயரே பொருத்தம். மிதிக்கவும் இலகுவாக இருக்கும்.

இரவுத் தங்கல் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து வீடு. அறை எளிமையானது, போர்வை போதுமானது, குளிர் கடுமை. சாப்பாட்டைப் பற்றி மட்டும் நான் சுருக்கமாக எழுத மாட்டேன். பனி விழும் இந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் அவரைக்கொட்டை பால் பிடித்து இருக்கும்; ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த அந்தப் பருப்பில் வைத்த குழம்பையும், அடுப்பிலிருந்து அப்போதுதான் கிண்டி இறக்கிய கேழ்வரகுக் களியையும் போட்டார்கள். பிதுக்கம்பருப்பு வேண்டுமானால் மாலை முழுக்க யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கியாக வேண்டும். ஆறு விருந்தினருக்கும் நான்கு வீட்டாருக்கும் அதைச் செய்தவர் அந்த வீட்டு அம்மா. விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் இந்தக் குழம்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓசூர் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரி 300 மீட்டருக்கும் கீழே ஓடுகிறது. அந்த உயரம் முழுவதையும் ஒரே நாளில் இறங்கும்போது காற்றின் சூடு மாறுவதை முகமே சொல்லிவிடுகிறது: காலையில் காது விறைத்தது, நாட்றாம்பாளையம் தாண்டியபோது சட்டை முதுகில் ஒட்டியது. மரங்களும் மாறுகின்றன. மேலே மூங்கிலும் வெக்காலியும்; கீழே உசிலும் வேலமும்; ஆற்றை நெருங்கினால் வெள்ளைத்தோல் நீர்மருது.

மலை இறக்கத்துக்கு முன் அனைவரையும் நிறுத்தி, பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டே இறங்காமல் விட்டு விட்டுப் பிடிக்கும்படி சொல்லிக்கொடுத்தார்கள். சக்கர விளிம்பைக் கவ்வும் ரப்பர் கட்டை, தொடர்ந்து உரசினால் சூடேறிப் பிடிப்பு இழக்கும். என் தங்கையின் பிரேக்கை மட்டும் இருமுறை நிறுத்தி இறுக்க வேண்டியிருந்தது. இந்தச் சாலைக்கு டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் வாங்குவதே சரி.

அஞ்செட்டிக்கு அப்பால் கருவேல முள் ஏறி என் பின்சக்கரம் பஞ்சரானது. முள் ஒரு விரல் நீளம், தந்தம் போல வெளுப்பு. சாலையோரத் தேநீர்க் கடையில் இருந்த பாட்டி, கேட்காமலேயே ஒரு குண்டானில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்; டியூபை அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தில் சுலோசன் தடவி, பேட்ச் ஒட்டி, கைப்பம்பால் காற்றடித்து முடிக்க இருபது நிமிடம். வழிகாட்டி டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பார்த்து, உடைந்து உள்ளே தங்கியிருந்த முள்ளின் நுனியையும் எடுத்த பிறகுதான் டியூபை மாட்டினார். அவசரக்காரர்கள் இதைச் செய்யாமல் அடுத்த மைலில் மறுபடி நிற்பார்கள்.

ஒகேனக்கல்லை ஞாயிறு பிற்பகலில் போய்ச் சேர்ந்தது தவறான திட்டம். இரண்டு நாள் பறவைச் சத்தத்துக்குப் பழகிய காதோடு, வேன்களும் கார்களும் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும் கடைசிப் பகுதிக்குள் நுழைவது அறைந்தது போல இருந்தது. மணிக்கணக்கை அவ்வளவு நுட்பமாகப் பார்ப்பவர்கள் கிழமையையும் பார்க்க வேண்டும். வெள்ளி, சனி என்று நடத்தினாலோ, வார நாளில் நடத்தினாலோ இது தீரும். திரும்பும் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். அதைவிட முக்கியமானது, இரண்டாம் நாள் வழியில் பெண்களுக்கான கழிப்பறை வசதி அஞ்செட்டியில் ஒரு வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நாங்கள் தயாராக வந்திருப்போம். நாட்றாம்பாளையத்திலும் ஒரு வீட்டை ஏற்பாடு செய்வது இவர்களுக்குக் கடினமான வேலையும் அல்ல. இதை நேரில் சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள்.

நாளுக்கு இருபது கிலோமீட்டராவது சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உடையவர்கள், பேசாமல் இருப்பதில் சங்கடம் கொள்ளாதவர்கள் தாராளமாகப் போகலாம். வேகமாக ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஆறு பேர் என்ற எண்ணிக்கையை, கேட்பவர்கள் பெருகினாலும், இவர்கள் எக்காரணத்தாலும் கூட்டக் கூடாது. பன்னிரண்டு பேர் வந்தால் கொள்ளுக்காரப் பெண்மணியின் இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகும், வளைவில் மணியடித்துக் காத்திருப்பதும் நடக்காது.

மாசிக்குப் பிறகு காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம் என்பதால் பயணங்களை நிறுத்திவிடுகிறார்கள். மழை பெய்து பச்சை கட்டிய பின் ஆவணியில் மீண்டும் தொடக்கம். அந்த முதல் பயணத்துக்கு நானும் தங்கையும் பெயர் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு சைக்கிள்களுக்காவது டயர் மாற்றி வைப்பதாகவும்.