மடிக்கணினியைச் சுமக்கும் ரோபோ: ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்கள் எப்படி உழைக்கின்றன?

பழைய மடிக்கணினி ஒன்றையும் வெப்கேம் ஒன்றையும் சுமந்துகொண்டு வீட்டுக்குள் தானாக நகரும் ரோபோவைக் குறைந்த செலவில் கட்டுவதற்காக, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களை நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மடிக்கணினியையே ரோபோவின் மூளையாக வைத்துக்கொள்ளும் இந்த முறை பலருக்கும் அறிமுகமானது டர்ட்டில்பாட் மூலம்தான். கலிபோர்னியாவில் இருந்த வில்லோ கராஜ் ஆய்வகத்தில் மெலனி வைஸ், டல்லி ஃபுட் இருவரும் 2010இல் உருவாக்கிய அந்த ரோபோ, ஐரோபோட் நிறுவனத்தின் ‘கிரியேட்’ வண்டியின் மேல் ஒரு மடிக்கணினியையும் தூரத்தையும் அளக்கும் கினெக்ட் கேமராவையும் ஏற்றியிருந்தது. அத்தகைய வண்டியை இறக்குமதி செய்யாமல், சக்கரத்திலிருந்து நானே கட்டினேன். கேமராவையும் சேர்த்து 6,500 ரூபாய் ஆனது. மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

மடிக்கணினி, யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பிளைவுட் பலகை, மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 6 கிலோ வருகின்றன. பொம்மை ரோபோக்களில் வரும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் மோட்டார்கள் இந்த எடைக்குத் தாங்கா. நான் வாங்கியவை நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும் 12 வோல்ட் உலோக கியர் மோட்டார்கள், 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தோடு கணக்கிட்டால், சுமை இல்லாதபோது நொடிக்கு 52 செ.மீ. வேகம் கிடைக்க வேண்டும். வீட்டுக்குள் ஓட அது தாராளமாகப் போதும். குறை என்னவென்றால், ஒரே முத்திரையுள்ள இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. 4 மீட்டர் நடையில் நேராகப் போகச் சொன்ன வண்டி முடிவில் 30 செ.மீ. இடப்பக்கம் விலகி நின்றது. சற்றுக் கூடுதல் விலை கொடுத்து எவ்வளவு சுற்றியது என்று அளந்து சொல்லும் என்கோடர் உள்ள மோட்டார்களை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

கட்டளைக்கேற்ப பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்பும் மோட்டார் டிரைவர் போர்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலோர் விலையைப் பார்த்து எல்298என் போர்டையே வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன். அந்தச் சிப்புக்குள் இருப்பவை பழைய வகை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரையும், 2 ஆம்பியரில் 4.9 வோல்ட் வரையும் சிப்பிலேயே இழப்பாகலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தது. மோட்டார் முனையில் 10.1 வோல்ட்தான் வந்தது. இழந்த மின்சாரம் முழுவதும் சூடாக மாறியதால், பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு சூட்டை வெளியேற்றும் அதன் ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை. வாசலில் கிடந்த கால்மிதியின் விளிம்பில் ஏற முயன்ற வண்டி, முன்சக்கரம் பட்டதும் நடுங்கி அப்படியே நின்றுவிட்டது. பிறகு மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு பிடிஎஸ்7960 போர்டுகளை மாட்டினேன். அவற்றில் உள்ளவை மாஸ்ஃபெட் என்னும் வேறு வகை டிரான்சிஸ்டர்கள். அவற்றின் மின்தடை ஏறத்தாழ 16 மில்லி ஓம் மட்டுமே என்பதால், 2 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.03 வோல்ட்டைச் சுற்றியே இருக்கிறது. அதே கால்மிதியில் வண்டி தயங்காமல் ஏறி இறங்கியது. போர்டுக்கு 43 ஆம்பியர் என்று கடையில் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சிப்பின் உச்ச வரம்பைக் குறிக்கும் எண், இவ்வளவு சிறிய ஹீட் சிங்க்கோடு தொடர்ந்து இழுக்கக்கூடிய அளவு அன்று.

மடிக்கணினியின் கட்டளையை வாங்கி மோட்டார் டிரைவரை இயக்கும் சிறிய ஆர்டுயினோ போர்டு இப்போது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. முதலில், மோட்டார்கள் திசை மாறும் நொடியில் அது தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்த பின் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்னொன்றையும் கட்டாயம் செய்ய வேண்டும்: மடிக்கணினியிலிருந்து அரை நொடிக்குக் கட்டளை வரவில்லையென்றால் மோட்டார்களை நிறுத்தும்படி ஆர்டுயினோவில் எழுதிவிட வேண்டும். அதை எழுதாத நாளில் மடிக்கணினி உறைந்துபோக, கடைசிக் கட்டளையைப் பிடித்துக்கொண்டே ஓடிய வண்டி சுவரில் மோதியது.

கேமராவாக லாஜிடெக் சி270ஐப் பொருத்தியிருக்கிறேன். 1280க்கு 720 பிக்சல் தரம் இருந்தாலும், படங்களை ஆராயும் ஓப்பன்சிவி மென்பொருள் பழைய மடிக்கணினியில் தடையின்றி ஓட 640க்கு 480 அளவே போதுமானது. டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டி திரும்பும்போது படம் மங்குவதால், திருப்பங்களில் வேகத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். முன்னால் உள்ள பந்துச் சக்கரம் டைல்ஸ் இடுக்குகளில் சிக்குகிறது. அதற்குப் பதிலாக எந்தப் பக்கமும் திரும்பும் 5 செ.மீ. ரப்பர் காஸ்டர் சக்கரத்தை வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வாரம் மாற்றப்போகிறேன்.