முன் ஆக்ஸில், முன் டிரைவ் ஷாஃப்ட்: முழுசாகப் பிரித்துக் கட்டி, சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

என் பிக்கப்பின் முன் ஆக்ஸிலை முழுசாகப் பிரித்து பேரிங், ஆயில் சீல், கிரவுன் பினியன் (சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடி, ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன்) எல்லாம் மாற்றி, கூடவே முன் டிரைவ் ஷாஃப்டையும் (முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டு வரும் சுழல் தண்டு) புதிதாகக் கட்டி சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சேறு, ஆற்று மணல், பாறை, முழங்கால் அளவு தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டது. வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் பாராட்டு மட்டும்தான் வந்திருக்கும். எல்லாமே புதுசாக இருக்கும்போது எது தாங்கும், எது தாங்காது என்று யாருக்கும் தெரியாது. இப்போது தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிலும் ஷாஃப்டும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை. ஆக்ஸில் ஹவுசிங் எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதுதான் ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஷாஃப்ட் உதறினால் அந்த உதறல் நேராகப் பினியன் பேரிங்குக்கும் சீலுக்கும் போகிறது. இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் போட்டுக் கட்டினால் நீண்ட நாள் ஓடும். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் மற்றது அதைத் தின்றுவிடும்.

வண்டி டீசல், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், முழு ஆக்ஸில், தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கர இயக்கம், கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவது). முன் சக்கரத்துக்குப் பர்ஃபீல்ட் ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), அதைச் சுற்றி உருண்டை வடிவ நக்கிள் (ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் கூடு). பழைய லேண்ட் குரூசர், பழைய ஹைலக்ஸ், சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு நன்றாகத் தெரியும். என் வண்டியில் ஸ்பிரிங்கை 2 அங்குலம் உயர்த்தியிருந்தேன். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

பிரிக்க வைத்தது மூன்று அறிகுறி. நக்கிளின் உள்பக்கம் கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கஞ்சி மாதிரி வழிந்தது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெல்ல நகர்த்தினால் டக் டக் என்று சத்தம். நாலு சக்கர இயக்கத்தில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தரைத்தளம் அதிர்ந்தது. மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு போலத் தெரியும். ஆனால் பிரித்துப் பார்க்கும்போது ஒன்றோடு ஒன்று கைகோத்திருக்கும்.

நக்கிளில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிக நேரம் வாங்கியதும் அதிக பலன் கொடுத்ததும் அதுதான். வெளியே வழியும் கஞ்சிக்கு எல்லோரும் வெளியே தெரியும் பெரிய துடைப்பு சீலைத்தான் குறை சொல்வார்கள். அதன் வேலை தூசியைத் தடுப்பது மட்டும்தான். உண்மையான காரணம் ஹவுசிங் முனையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆயில் சீல். அது தேய்ந்ததும் டிஃபரன்ஷியல் (கிரவுன் பினியன் இருக்கும் பகுதி) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. அப்புறம் பர்ஃபீல்டுக்கும் கிங்பின் பேரிங்குக்கும் (நக்கிள் திரும்பும் அச்சில் மேலும் கீழும் இருக்கும் பேரிங்) மசகு இல்லாமல் போகிறது. டக் டக் சத்தத்துக்கும் வழி இங்கிருந்துதான்.

அந்தச் சீலை மட்டும் மாற்றினால் போதுமா என்றால் போதாது. சீல் உரசும் இடத்தில் ஆக்ஸில் ஷாஃப்டை (ஹவுசிங்குக்குள் சக்கரத்துக்குப் போகும் தண்டு, டிரைவ் ஷாஃப்ட் வேறு) விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே நிற்காது. ஒன்று, சீலைக் கொஞ்சம் ஆழம் மாற்றி உட்கார வைத்து, உதடு தேயாத இடத்தில் படும்படி செய்யலாம். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் வளையம் ஒன்றைப் பள்ளத்தின் மேல் ஏற்றலாம். என் வண்டியில் ஒரு பக்கம் ஆழம் மாற்றினேன், மறுபக்கம் வளையம். இரண்டு பக்கமும் இன்றுவரை கசிவில்லை.

அடுத்தது ஷிம். கிங்பின் பேரிங்குகளின் மேலும் கீழும் வரும் இந்த மெல்லிய தகடுகள் இரண்டு வேலை செய்கின்றன. மொத்தத் தடிமன் பேரிங்கின் பிரீலோடை, அதாவது அது எவ்வளவு இறுக்கத்தோடு உட்காருகிறது என்பதை, தீர்மானிக்கிறது. தகடு மெலிந்தால் பேரிங் இறுகும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற பங்கு, ஆக்ஸில் ஷாஃப்ட் சீலின் நடுவில் வருகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. நடு தவறினால் சீலின் ஒரு பக்கம் மட்டும் தேயும். அதனால் கழற்றும்போதே மேல் தகடு, கீழ்த் தகடு, இடது, வலது என்று தனித்தனிப் பையில் போட்டு எழுதி வைத்துவிடுங்கள். பிரீலோடைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பர்ஃபீல்டும் துடைப்பு சீலும் இல்லாமல் நக்கிளை மட்டும் மாட்டி, ஸ்டீயரிங் கம்பி பூட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்து, நக்கிள் எத்தனை கிலோவில் அசைகிறது என்று பார்த்தால் சரி. அந்த அளவு வண்டிக்கு வண்டி வேறு. சொந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதுதான் சட்டம். கையால் ஆட்டிப் பார்த்து "டைட்டாக இருக்கிறது" என்று விட்டுவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. குறைந்த பிரீலோடோடு ஓடும் நக்கிள்தான் சின்னக் குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கி ஆட்டுகிறது.

பர்ஃபீல்ட் ஜாயிண்டுக்கு அடிப்படை ஆல்ஃபிரெட் ஜெப்பா 1920களில் வடிவமைத்த ஜாயிண்ட். 6 பந்துகள், ஒரு கூண்டு, உள்ளேயும் வெளியேயும் வளைந்த தடங்கள். முன்னோக்கி ஓடும்போது பந்துகள் தடத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே அழுத்துகின்றன, தேய்மானமும் அந்தப் பக்கம்தான். இடது வலது ஜாயிண்ட் ஒரே மாதிரி இருந்து உள் ஷாஃப்டின் நீளம் மட்டும் வேறுபடும் வண்டிகளில், ஜாயிண்டைப் பக்கம் மாற்றிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். லேசான சத்தம் இருந்த ஒன்றை அப்படித்தான் காப்பாற்றினேன், இன்னும் ஓடுகிறது. தடத்தில் குழி விழுந்திருந்த மற்றொன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். குழி விழுந்ததைப் பக்கம் மாற்றிப் போடுவது காட்டுக்குள் நின்றுபோக நாமே நாள் குறிப்பது போல.

கிரீஸ் விஷயத்தில் ஒன்று. பர்ஃபீல்டுக்கும் நக்கிளுக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ், வீல் பேரிங்குக்கு சாதாரண லித்தியம் வீல் பேரிங் கிரீஸ். ஜாயிண்டுக்குள் பந்துகளின் இடுக்கு வழியாகப் பிதுங்கி வரும் வரை அழுத்தித் திணிக்க வேண்டும். நக்கிளை மட்டும் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூடேறினால் விரிய இடம் வேண்டும்.

கிரவுன் பினியனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் ஆக்ஸிலின் பல்சக்கர விகிதம் 4.11 என்றால் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று) முன் ஆக்ஸிலும் 4.11தான். நான் பேக்லாஷை (பற்களுக்கு நடுவில் விடும் இடைவெளி) 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் டயல் கேஜ் வைத்துப் பிடித்தேன், பல்லில் மை தடவிப் பதிவு பார்த்தேன். நான் முக்கியமாகச் சொல்ல வருவது பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் வரும் குழாய் பற்றி. இறுக்கும்போது நசுங்கும் வகை தொழிற்சாலைக்கு வசதி. பாறையில் ஏறும் வண்டியில் அதிர்ச்சி விழும்போது அது இன்னும் கொஞ்சம் நசுங்கி, பினியன் நட்டின் பிடி தளரலாம். அதற்குப் பதிலாக நசுங்காத கனமான குழாயும் ஷிம்மும் போட்டேன். அளவு பிடிக்கப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது, பொறுமை வேண்டும். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு பினியனைக் கையால் பிடித்து ஆட்டினால் துளி ப்ளே இல்லை. இந்த வேலையில் நான் மனதார சிபாரிசு செய்யும் ஒரே "கூடுதல்" பாகம் இதுதான்.

இனி கோணம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஆக்ஸிலுக்கும் நடுவில் ஷாஃப்ட் இன்னும் அதிகமாகச் சாய்கிறது. ஒற்றை கிராஸ் (கூட்டல் குறி வடிவத் துண்டு) உள்ள யு-ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். 15 டிகிரி சாய்வில் அந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் சுமார் 3.5 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர், 4.11 விகிதம், 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,640 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 54 முறை அந்த உதறல். பினியன் பேரிங்கும் சீலும் அதைத்தான் வாங்கிக்கொள்கின்றன.

இரண்டு முனையிலும் ஒற்றை கிராஸ் இருந்தால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவட்டைகளான இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அப்போது ஒன்றின் உதறலை மற்றது அழித்துவிடும். நான் தேர்ந்தெடுத்தது வேறு வழி: டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் டபுள் கார்டான் ஜாயிண்ட், அதாவது இரண்டு கிராஸும் நடுவில் ஒரு மையப் பந்தும். இப்படிச் செய்தால் பினியன் நேராக அந்த ஜாயிண்டை நோக்கிப் பார்க்க வேண்டும், கீழ் முனையில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் சாய்வு கூடாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பினியனை நிமிர்த்த ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஸ்டீல் ஆப்பு வைத்து ஹவுசிங்கைச் சுழற்றினால், கூடவே நக்கிளும் சுழல்கிறது, கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் நக்கிள் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைகிறது. கேஸ்டர் குறைந்தால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, நேர்ச்சாலையில் வண்டி அலையும். பினியன் கேட்பதும் கேஸ்டர் கேட்பதும் எதிரெதிர். பலர் பாதி பாதியாகச் சமரசம் செய்துவிட்டு இரண்டிலும் அரைகுறையாக ஓட்டுகிறார்கள். சரியான தீர்வு ஹவுசிங் முனையில் இருக்கும் நக்கிள் உருண்டையின் வெல்டிங்கை வெட்டி, கேஸ்டருக்கு வேண்டிய கோணத்தில் சுழற்றி, மறுபடி வெல்டிங் செய்வது. இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. வெல்டிங் சூட்டில் ஹவுசிங் வளைந்தால் புதுச் சீல், புது பேரிங் எல்லாம் வீண். ஆக்ஸிலை நேராகப் பிடித்து வைக்கும் அமைப்பு உள்ள பட்டறையில் கொடுத்தேன், வந்ததும் நேராக இருக்கிறதா என்று அளந்த பிறகுதான் சீலைத் தொட்டேன். முழு வேலையிலும் அதிகச் செலவு பிடித்தது இதுதான், அதிக நிம்மதி தந்ததும் இதுதான். இரண்டு கைக்கும் நடுவில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதை ஒவ்வொரு திருப்பத்திலும் உணர்கிறேன்.

ஷாஃப்டின் நீளத்தை வண்டி நிற்கும் நிலையில் மட்டும் அளந்தால் போதாது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல் வெட்டிய சறுக்கும் பகுதி) போதிய அளவு உள்ளே இருக்க வேண்டும், ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது முட்டாமல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஜாக் வைத்துப் பார்த்த பிறகே குழாயை வெட்டச் சொன்னேன்.

உதறல் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால் ஃப்ரீ வீல் ஹப் நல்ல துணை. டிரான்ஸ்ஃபர் கேஸை இரண்டு சக்கர நிலையில் வைத்து ஹப்பை மட்டும் பூட்டி ஓட்டுங்கள். முன் ஷாஃப்ட் இழுவை இல்லாமல் சும்மா சுழலும். அப்போதும் அதிர்ந்து, ஹப்பைத் திறந்ததும் நின்றால், குற்றம் முன் பக்கச் சுழற்சியில்தான். ஆர்தர் வார்ன் 1948இல் ஜீப்புகளுக்காக இந்த ஹப்புகளைச் செய்யத் தொடங்கியது முன் ஷாஃப்ட் வீணாகச் சுழலாமல் இருக்கத்தான். சோதனைக்கும் இப்படி உதவுகிறது.

சரி, காலம் போனதும் எது எப்படி இருக்கிறது? நக்கிள்கள் வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கின்றன. அதில் பாதிப் பெருமை ஆக்ஸிலுக்குள் காற்று வந்துபோக விடும் பிரீதர் குழாய்க்கு. சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. பிரீதர் அடைத்திருந்தாலோ தண்ணீருக்குள் மூழ்கினாலோ, அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், ஆயில் பால் நிறமாகிவிடும். ஒரு ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் உச்சி வரை ஏற்றியதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. இத்தனை பாகத்திலும் விலை குறைந்தது அந்தக் குழாய்.

ஸ்டீயரிங் கையை நக்கிளோடு பூட்டும் ஸ்டட்கள் கவனம் கேட்கின்றன. பெரிய டயர் போட்டால் அங்கே பளு கூடுகிறது. கட்டி ஓட்டிய கொஞ்ச காலத்திலேயே ஒரு பக்கம் லேசாகத் தளர்ந்தது, டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்கினேன். அதன்பின் ஒவ்வொரு கடினப் பயணத்துக்கும் பிறகு பார்க்கிறேன். தளர்ந்த ஸ்டட் ஒடிந்தால் ஸ்டீயரிங்கே போய்விடும். இதில் சோம்பல் கூடாது.

ஒரு முறை அவசரத்துக்குக் கிடைத்த மலிவான துடைப்பு சீல், ஒரு மழைக்காலத்துக்குள் விறைத்து விரிசல் விட்டது. பெயர் பதித்த தரமான சீல் அதே மழையை, அதே சேற்றைத் தாங்கி நிற்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ஆயில் சீலுக்கு மலிவு பார்க்கவே கூடாது, அதை மாற்ற மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

ஷாஃப்டில் கிராஸ்கள் இன்னும் புதுசு போல இருக்கின்றன. கிரீஸ் அடிக்கும்போது கிராஸின் நாலு முனையில் இருக்கும் நாலு கப்பின் சீலிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கப் மட்டும் வெளியே விடவில்லை என்றால் அங்கே ஊசி ரோலர்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. டபுள் கார்டானின் மையப் பந்துதான் முதலில் சாகும் பாகம். அதன் கிரீஸ் நிப்பிள் உள்ளே ஒளிந்திருக்கும், சாதாரண கன் எட்டாது, ஊசி முனை வேண்டும். எட்டாததால் பலர் விட்டுவிடுகிறார்கள், காய்ந்த பந்து கீச்சிடத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது. தண்ணீரில் இறங்கி வந்த அன்றைக்கே அதற்குக் கிரீஸ் அடிப்பதை நான் வழக்கமாக்கிவிட்டேன். ஸ்ப்லைனுக்கு மட்டும் கொஞ்சமாக. அளவு மீறினால் கிரீஸே அடைத்துக்கொண்டு ஷாஃப்டைச் சுருங்க விடாது.