நோயே வராத ரோஜா என்று தலையில் கட்டினார்கள், அரை மாதச் சம்பளம் போச்சு

ஆன்லைனில் ரோஜாச் செடி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். எனக்கு அரை மாதச் சம்பளம் போய்விட்டது. பணத்தோடு நிற்கவில்லை, தோட்டத்து மண்ணும் கெட்டுவிட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். செடி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

விற்றது ஒரு ஆன்லைன் நர்சரி. நேரில் போய்ப் பார்க்கிற மாதிரி கடை கிடையாது. பூத்துக் குலுங்கும் படங்களைப் போட்டு, மெசேஜில் ஆர்டர் வாங்கி, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புகிற வகை. பெயரைப் போடவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஒரு பெயரை மூடிவிட்டு இன்னொரு பெயரில் வந்துவிடுவார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

ரோஜா எனக்குப் புதிதல்ல. துளிரில் அசுவினி மொய்க்கும், மொட்டுக்குள் இலைப்பேன் புகுந்து இதழ் ஓரம் கருகும், மழை விட்டதும் கரும்புள்ளி வரும் என்பதெல்லாம் அனுபவத்தில் தெரியும். அதனால்தான் ஆர்டர் கொடுப்பதற்கு முன் வீடியோ காலில் செடியைக் காட்டச் சொன்னேன். விற்றவர் உடனே காட்டினார். அதுவும் எப்படி? நான் கேட்பதற்கு முன் அவரே ஒரு இலையைப் பிடித்துத் திருப்பி, கேமராவைக் கிட்டே கொண்டு வந்தார். "அடிப்பக்கம் பாருங்கக்கா. செஞ்சிலந்தி இருந்தா பொடிப்பொடியா நகரும், நூலாம்படை கட்டியிருக்கும். ஒண்ணுமே இல்ல பாருங்க" என்றார். இன்னொரு இலையையும் திருப்பினார். துரு நோய் இருந்தால் அங்கே ஆரஞ்சு நிறத்தில் பொடி இருக்கும் என்பதையும் அவரே சொன்னார். விற்கிறவர்கள் பூவைத்தான் காட்டுவார்கள். இலையின் அடிப்பக்கத்தைக் காட்டுகிற ஆள் தொழில் தெரிந்தவர், ஒளிக்க எதுவும் இல்லாதவர் என்று நம்பினேன். அன்றைக்கே பணத்தை அனுப்பினேன்.

தொழில் தெரிந்தவர்தான். அதுதான் இன்னும் எரிகிறது. கேமரா தண்டுக்குக் கீழே, மண்ணைத் தொடும் இடத்துக்கு ஒரு தடவைகூட இறங்கவில்லை.

அதே காலில் சொன்ன இன்னொன்று: "எல்லாம் காட்டு ரோஜா வேர்ல ஒட்டினதுக்கா. காட்டுச் செடிக்கு நோய் வராது, அந்த வேர்ல வளர்றதால மேல இருக்கற செடிக்கும் வராது." கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. மல்டிஃப்ளோரா, கனினா போன்ற காட்டு ரோஜாக்களின் வேரில் தோட்ட ரகங்களை ஒட்டுவது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். வேர் பலமாகப் பிடிக்கும், செடி வேகமாக வளரும். ஆனால் மேலே இருக்கும் இலை ஒட்டிய ரகத்தின் இலை. கரும்புள்ளிப் பூஞ்சை அந்த இலையில்தான் வந்து உட்கார்கிறது, வேர் யாருடையது என்று பார்ப்பதில்லை. காட்டு ரோஜாவுக்கு நோய் வராது என்பதும் பொத்தாம் பொதுவான பேச்சு. ருகோசா மாதிரி சில இனங்களின் இலை கரும்புள்ளியை நன்றாகத் தாங்கும், சரி. ஆனால் அதே மல்டிஃப்ளோராவை வட அமெரிக்காவில் ரோஸ் ரோசெட் என்ற வைரஸ் நோய் கொன்று தீர்க்கிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன் அதைப் பரப்புகிறது. சிவந்த தளிர்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும், முள் மிதமிஞ்சி முளைக்கும், அப்புறம் செடி சாகும். அந்த வைரஸ் எது என்று 2011-இல்தான் கண்டுபிடித்தார்கள். காடோ தோட்டமோ, நோய் வராத ரோஜா என்று ஒன்று கிடையாது.

பார்சல் வந்தது. தண்டின் அடியைச் சுற்றி ஈர மண்ணை அப்பி, தேங்காய் நாரைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டியிருந்தார்கள். கூடவே ஒரு சீட்டு: "வேர் மண்ணைக் கலைக்க வேண்டாம், ஒட்டு ஆறும் வரை அப்படியே நடவும், நட்டதும் லேசாகக் கவாத்து செய்யவும்." வேரைக் கலைக்காமல் நடச் சொல்வது எல்லோரும் சொல்கிற நியாயமான யோசனை. அந்த நியாயத்தைத்தான் மூடியாக வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நட்டேன். இரண்டு மட்டும் தொட்டி இல்லாமல் பார்சல் கட்டு பிரிக்காமலே நிழலில் இருந்தன. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்.

சில வாரத்தில் செடிகள் வளராமல் நின்றுவிட்டன. துளிர் விட்டால் சின்னதாக, வெளிறிப் போய் வந்தது. படம் அனுப்பினேன். "கூரியர் சூடு அக்கா, பத்து நாள் பொறுங்க." பொறுத்தேன். "உங்க தண்ணி உப்பா இருக்கும்." அதற்குப் பிறகு இலைகளில் கரும்புள்ளி வந்தது. உடனே அவருக்கு வாய் கிடைத்துவிட்டது: "பாத்தீங்களா, கரும்புள்ளி. இது உங்க தோட்டத்துல வந்தது. நான் என்ன பண்ண முடியும்?"

கரும்புள்ளிக்கு நான் அவரைக் குறை சொல்லவே இல்லை. இலை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் போதும், அந்தப் பூஞ்சை முளைத்துவிடும். மழைத்துளி தெறித்தாலே பரவும். சாம்பல் நோய் காற்றில் வரும், அதற்கு இலை நனையக்கூட வேண்டாம். அசுவினி பறந்து வரும். இதெல்லாம் யார் தோட்டத்திலும் வருவதுதான், விற்றவர் பொறுப்பில்லை. ஆனால் காற்றில் வருகிற நோய் வேறு, கத்தியில் வருகிற நோய் வேறு. ஒட்டுக் கட்டும்போதே செடிக்குள் ஏறிவிடுகிற நோய்கள் இருக்கின்றன. வாங்கியவர் எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் அது செடியோடுதான் வந்திருக்கும். இவர் முதல் வகையைக் காட்டிக் காட்டி இரண்டாவதை மறைத்தார்.

மறைத்தது என்னவென்று பட்டுப்போன ஒரு செடியைப் பிடுங்கியபோது தெரிந்தது. ஒட்டுக்குக் கீழே, தண்டைச் சுற்றி, காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாகப் புடைத்திருந்தது. வெளியே பழுப்பு நிறம், வெடித்த மேல்தோல். நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே வெளிறிய வெள்ளை. பக்கத்து வேரிலும் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று. அந்தக் கட்டுப் பிரிக்காத இரண்டு செடிகளுக்கு ஓடினேன். டேப்பை வெட்டி, நாரை எடுத்து, மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் இரண்டிலும் அதே இடத்தில் அதே கழலை. ஒன்றில் கழலையைக் கத்தியால் சீவி எடுத்த வெட்டுத் தடம்கூட இருந்தது. சீவிய இடத்தைச் சுற்றித் திரும்பவும் வளர்ந்திருந்தது. தெரியாமல் அனுப்பிவிட்டார் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இதற்குக் கழலை நோய் என்று பெயர். அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா செய்கிற வேலை. 1907-லேயே கண்டுபிடித்துப் பதிவு செய்துவிட்டார்கள், புது நோய் ஒன்றும் இல்லை. ஒட்டுக் கத்தி, கவாத்துக் கத்தரி, மண்வெட்டி எதனாலாவது செடியில் காயம் பட்டால் அதன் வழியே நுழையும். நுழைந்து தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அப்புறம் அந்த செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிக்கொண்டே போகும். பாக்டீரியா செத்தாலும் கழலை வளர்வது நிற்காது. அதனால்தான் எந்த மருந்தாலும் இதைக் குணப்படுத்த முடிவதில்லை. சீவி எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். மண்ணிலும் குறைந்தது இரண்டு வருடமாவது தங்கும். அந்த இடத்தில் மறுபடி ரோஜா வைக்க முடியாது.

படங்களை அனுப்பினேன். இனி வந்த பதில்களைப் பாருங்கள்.

"அது ஒட்டு போட்ட முடிச்சு மேடம். எல்லா ஒட்டுச் செடியிலயும் இருக்கும்." ஒட்டு முடிச்சு ஒட்டிய இடத்தில் மட்டும் இருக்கும், பட்டையால் மூடியிருக்கும், கெட்டியாக இருக்கும். வேரில் எப்படி ஒட்டு முடிச்சு வரும் என்று கேட்டேன்.

"அது வேர் முடிச்சு மேடம். பயறுச் செடில வருமே, சத்து சேர்த்து வைக்கும். நல்லதுதான்." ரோஜா என்ன பயறு வகையா? ரோஜா வேரில் அப்படிப்பட்ட முடிச்சு வரவே வராது.

அதற்கும் படம் போட்டுப் பதில் சொன்னதும் மருந்துப் பேச்சுக்குத் தாவினார். பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் எல்லாவற்றையும் ஒரே தெளிப்பில் போக்குமாம், அவரே தயாரித்த இயற்கை மருந்தாம். அதற்கும் பணம். மிச்சமிருந்த செடிகளையாவது காப்பாற்றலாம் என்ற தவிப்பில் இருந்தேன், அந்தத் தவிப்பைக் காசாக்கினார். வந்த பாட்டிலில் லேபிள் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கலக்க வேண்டும், தெளித்தபின் எவ்வளவு நேரம் கிட்டே போகக்கூடாது, எதுவும் இல்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இப்படி ஒன்றைத் தெளிக்கச் சொல்கிறார்! நான் ஒரு ஓரச் செடியில் மட்டும் அடித்துப் பார்த்தேன். அசுவினி செத்தது, அடுத்து அந்தச் செடியில் செஞ்சிலந்தி கண்டபடி பெருகியது. பூச்சிக்கொல்லியை அள்ளித் தெளித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துப்போகும். செஞ்சிலந்தியோ எட்டுக் கால் பிராணி, சாதாரணப் பூச்சி மருந்து பலவற்றுக்கும் அசையாது. வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். 'இயற்கை' என்று சொன்னதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு அநியாயமும் உண்டு. ஆர்டரில் ஒரு செடியை "வரி இலை ரகம், அபூர்வம்" என்று மற்றவற்றைவிடக் கூடுதல் விலைக்குத் தந்தார். இலையில் மஞ்சள் கோடு மின்னல் வெட்டியது போல் வளைந்து வளைந்து ஓடும். ரகமும் இல்லை, அபூர்வமும் இல்லை. அது மொசைக் வைரஸ். இதுவும் ஒட்டு வழியாகவே பரவும், இதற்கும் மருந்து இல்லை. நோயை ரகம் என்று பெயர் வைத்து அதிக விலைக்கு விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கடைசியாகப் பணத்தைக் கேட்டேன். செடி, கூரியர், அந்த லேபிள் இல்லாத பாட்டில் எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். "பார்சல் பிரிச்ச 48 மணி நேரத்துக்குள்ள வீடியோ அனுப்பியிருக்கணும் மேடம். உயிருள்ள பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது." கழலை வெளியே தெரியவே வாரக்கணக்கில் ஆகும், குளிர் இருந்தால் இன்னும் தாமதமாகும். மண்ணைக் கலைக்காதே என்று சீட்டு எழுதி அனுப்பியவர், 48 மணி நேரத்தில் ஏன் பார்க்கவில்லை என்று என்னையே கேட்கிறார். கட்டுப் பிரிக்காத இரண்டு செடிகளின் வீடியோவை அனுப்பினேன். "உங்க மண்ணுல இருந்திருக்கும்" என்றார். பிளாஸ்டிக்குக்குள் இருந்த செடிக்கு என் மண் எப்படிப் போகும்? அதற்குப் பதில் வரவில்லை. என்னை பிளாக் செய்துவிட்டார். ஆன்லைனில் பணம் செலுத்திய தளத்திலும் புகார் கொடுத்தேன், "விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளவும்" என்று இயந்திரப் பதில்.

எல்லாச் செடியையும் பிடுங்கி எரித்தாயிற்று. அவர் சொன்னபடி நட்டதும் கவாத்து செய்த கத்தரிதான் பழைய செடிகளுக்கும் போனது. வருடக்கணக்காகப் பூத்துக்கொண்டிருந்த என் சிவப்பு ரோஜாவில் வெட்டிய கிளையிலேயே இப்போது சின்னக் கழலை. அதையும் எடுக்க வேண்டியதுதான். அரை மாதச் சம்பளம் திரும்ப சம்பாதித்துவிடலாம், இந்தச் செடிக்கு யார் பதில் சொல்வது?

பார்த்து வாங்குவதைப் பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

வீடியோ காலில் இலையைக் காட்டினால் மட்டும் போதாது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தையும், ஒரு செடியையாவது வேர் மண்ணைக் கரைத்தும் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று எவர் சொன்னாலும் பொய். பூஞ்சைக்கு உள்ளது பெரும்பாலும் பூச்சிக்கு ஆகாது, வைரஸுக்கு மருந்தே இல்லை. லேபிள் இல்லாத பாட்டிலைத் திறக்காதீர்கள். கழலைக்கு கே84 என்ற நல்ல பாக்டீரியாவை வைத்து ஒரு முன்காப்பு உண்டு. அது நடும் முன் ஆரோக்கியமான வேரை நனைக்க மட்டும், வந்த நோயைப் போக்காது. அதைக் காட்டி யாராவது விற்றால் ஏமாறாதீர்கள். புதுச் செடியைப் பழைய செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள்.

காட்டு ரோஜா வேர், மண்ணைக் கலைக்காதே என்ற சீட்டு, தேங்காய் நார்க் கட்டு: இந்த மூன்றோடும் உங்களுக்கு அண்மையில் செடி வந்திருந்தால் இன்றைக்கே அடிமண்ணை விலக்கிப் பாருங்கள், பார்த்து முடிக்கும் வரை அந்தக் கத்தரியால் வேறு எந்தச் செடியையும் தொடாதீர்கள்.