எலக்‌ஷனுக்கு துப்பாக்கிய கடையில ஒப்படைச்சேன், என் அனுபவம்

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு காப்பி, மிளகு, நடுவுல மலைவாழை. அப்பா காலத்து பன்னெண்டு போர் (குழல் அளவு) சிங்கிள் பேரல், அதாவது ஒத்தக்குழல் துப்பாக்கி ஒண்ணு லைசன்ஸோட இருக்கு. ராத்திரி பன்னிக்கூட்டம் எறங்குனா வானத்த பாத்து ஒரு வேட்டு, அவ்வளவுதான் அதுக்கு வேல. எலக்‌ஷன் அறிவிச்சா அத ஒப்படைக்க சொல்லுவாங்க, ஸ்டேஷன்லதான் குடுக்கணும்னு இல்ல, லைசன்ஸ் உள்ள துப்பாக்கி கடையிலயும் குடுக்கலாம், நெறைய பேருக்கு தெரியாததால எழுதுறேன்.

2021 சட்டசபை எலக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல குடுத்தேன். மே மாசம் வாங்கி மடக்கி வெளிச்சத்துல பாத்தா பேரல் உள்ள பூரா செம்மண் தடவுன மாதிரி துரு, நம்பர் சீட்ட சணல்ல கட்டியிருந்தாங்க, அந்த சணல் ஈரம் குடிச்சு கட்டையில கறையே புடிச்சிருச்சு. ஒரே ரூம்ல அத்தனையும் அடுக்கி வெச்சிருக்காங்க, எண்ணெய் போட ஆளு இல்ல.

அதனால 2024ல மதுரையில ஒரு கடைக்கு கொண்டு போனேன். கடைக்கார பெரியவர் லைசன்ஸ கூட வாங்கல, மொதல்ல மடக்கி சேம்பர் (தோட்டா போடுற எடம்) காலியான்னு பாத்தாரு, விரல விட்டும் தடவி பாத்தாரு, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. பேரல்ல அடிச்ச நம்பரையும் லைசன்ஸ்ல உள்ளதையும் ரெண்டு தடவ வாசிச்சாரு. "இந்த மூணு தேஞ்சு எட்டு மாதிரி தெரியுது தம்பி, ரினீவல்ல தப்பா எழுதிரப் போறாங்க, பாத்துக்க"ன்னாரு. ரசீது ரெண்டு காப்பி, ஒண்ணு ஸ்டேஷனுக்கு. திரும்ப வாங்குறப்ப பழைய துருவையும் எடுத்து எண்ணெய் துணியில சுத்தி குடுத்தாங்க, எல்லாம் சேத்து 1500 ரூவா. ஜீப் வாடகை தனி, போக வர ஒரு நாள் காலி.

மார்ச் 16 அறிவிப்பு, எங்களுக்கு ஓட்டு ஏப்ரல் 19, ஆனா ரிசல்ட் ஜூன் 4ங்கறதால அதுக்கப்புறம்தான் துப்பாக்கி கைக்கு வந்துச்சு. எல்லார்கிட்டயும் மொத்தமா வாங்கணும்னு இல்ல, கலெக்டரும் எஸ்பியும் இருக்குற ஸ்கிரீனிங் கமிட்டி ஆள பாத்து முடிவு பண்ணணும்னுதான் தேர்தல் கமிஷனே சொல்லுது. எங்க பக்கம் அப்படி யாரையும் பிரிச்சு பாத்த மாதிரி தெரியல.

அந்த மே மாசம் ஒரு ராத்திரி ஓடைப்பக்கம் ரெண்டு வெடி. அக்கம்பக்கத்துல லைசன்ஸ் உள்ள எங்க துப்பாக்கி எல்லாம் கீழ பூட்டி கெடக்கு, அப்ப சுட்டது யாரு? காலைல போய் பாத்தா சில்வர் ஓக் மரத்துல இடுப்பு உயரத்துல ரவை பாஞ்ச ஓட்ட. வேலைக்கு வர்ற அக்காங்க விடிகாலைல நடந்து வர்ற தடம் அது, எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு. 1959 ஆயுதச் சட்டப்படி என் துப்பாக்கிக்கு நம்பர் இருக்கு, 5 வருஷத்துக்கு ஒரு ரினீவல் இருக்கு, 2019 திருத்தத்துல ஒருத்தருக்கு ரெண்டுக்கு மேல கூடாதுன்னும் ஆக்கிட்டாங்க, இதெல்லாம் வேணும்னுதான் நானும் சொல்றேன். லைசன்ஸ் இல்லாம நாட்டுத்துப்பாக்கி வெச்சிருக்கறவன் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல, அவன தேடி தோட்டம் தோட்டமா ஏறுனாத்தான் அந்த அக்காங்க தைரியமா நடக்க முடியும். ஸ்டேஷன்ல எழுதியே குடுத்தேன், போலீஸ கூட்டிட்டு போய் மரத்தையும் காட்டுனேன்.

அடுத்த எலக்‌ஷனுக்கும் அதே கடைதான். போறவங்க தோட்டா எத்தனைன்னு ரசீதுல எழுத சொல்லி வாங்குங்க, நான் அத விட்டுட்டேன், அப்புறம் அவங்க நோட்ட பாத்துதான் சரி பாக்க வேண்டியதா போச்சு.