கெமிஸ்ட்ரி பிஎச்டியா, ஹிஸ்டரி பிஎச்டியா?

பேப்பர்ல ரெண்டும் ஒண்ணுதான், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, கோர்ஸ்வொர்க், கடைசில வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஆனா நாள் ஓடுற விதம் சுத்தமா வேற.

கெமிஸ்ட்ரில டாபிக் பெரும்பாலும் கைடோட ப்ராஜெக்ட்லேருந்தே வந்துடும். ரியாக்‌ஷன் போடு, ரியாக்‌ஷன் எவ்வளவு நடந்திருக்குன்னு டிஎல்சி டெஸ்ட்ல பாரு, காலம் குரோமடோகிராஃபி (கண்ணாடிக் குழாய்ல ஊத்தி பிரிக்கிற முறை) ஓட்டி பிரிச்சு எடு, மூலக்கூறு அமைப்பைக் காட்டுற என்எம்ஆர் மெஷின் ஸ்லாட்டுக்கு காத்திரு, சாம்பிள் சொதப்பினா திரும்ப முதல்லேருந்து. ஆனா பக்கத்துல சீனியர் இருப்பாங்க, கேட்டா சொல்லித்தருவாங்க (மூட் நல்லா இருந்தா). பேப்பர்லயும் நாலஞ்சு பேரு சேர்ந்துதான் பேர் போடுவாங்க.

ஹிஸ்டரில கேள்வியையே நாமதான் தேடணும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துல உக்காந்து ஃபைல் ஃபைலா புரட்டணும், தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பத்திரிகைகளை அலசணும், எதுல என்ன கிடைக்கும்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது. தஞ்சை மராத்தியர் காலத்தை எடுத்தா அப்போ மராத்திய எழுதப் பயன்படுத்தின மோடிங்கிற பழைய எழுத்தை வேற படிக்கக் கத்துக்கணும், அதுக்கே வருஷம் போயிடும். எழுதுறதும் முழுக்க தனியாத்தான், எனக்கு இதுதான் கஷ்டமா தெரியுது, லேப் வேலைய விட.

காசு? ஜேஆர்எஃப் (நெட் தேர்வு மூலமா கிடைக்கிற ஜூனியர் ஃபெலோஷிப்) கிடைச்சா 2023லேருந்து ரெண்டு பேருக்குமே மாசம் 37,000, அது சீனியர் ஃபெலோஷிப், எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. கிடைக்கலேன்னாதான் வித்தியாசம். கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு கைடோட ப்ராஜெக்ட்ல ஃபெலோ போஸ்ட் கிடைக்க ஓரளவு வாய்ப்பு இருக்கு. ஹிஸ்டரிக்கு அது ரொம்ப அபூர்வம், மத்திய பல்கலைக்கழகமா இருந்தா நெட் ஃபெலோஷிப் இல்லாதவங்களுக்கான நான்-நெட் ஃபெலோஷிப் மாசம் 8,000 வரும், அதுல சென்னைல ரூம் வாடகையே கட்ட முடியாது.