வார்த்தைக்கு 55 பைசா: மொழிபெயர்ப்பு எஞ்சினோடு ஏழு வருடம்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பெரும்பாலும் மருந்துக் கையேடுகள், மருத்துவ ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்கள், நடுநடுவே செல்போன் செயலிகள். 2018 முதல் எஞ்சின், அதாவது தானாக மொழிபெயர்க்கும் மென்பொருள், செய்த மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பெயர் போஸ்ட் எடிட்டிங். ஏழு வருடமாக ஒரே கருவியோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ் வந்தது 2011இல். அந்தக் காலத்து எஞ்சின்களை நாங்கள் யாருமே பொருட்படுத்தவில்லை. களிம்பைத் தோலில் தடவச் சொல்லும் இடத்தில் 'மெல்லிய அடுக்கை விண்ணப்பிக்கவும்' என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'அப்ளை'தானே! சிரித்துவிட்டு, முழுதாக அழித்து, நாமே எழுதிவிடுவோம். 2017இல், வாக்கியத்தை முழுதாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கும் நியூரல் முறை தமிழுக்கு வந்ததும் வாக்கியங்கள் நேராகிவிட்டன. எஞ்சின் வேலையை மனிதர் திருத்துவதற்கென்று ஐஎஸ்ஓ 18587 என்ற தரநிர்ணயம் வெளியானதும் அதே வருடம்தான். அதற்குள் என்ன அவசரம் என்று நினைத்தேன். அடுத்த வருடமே, எனக்கு வேலை அனுப்பும் மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது.

"மேடம், இனிமே நீங்க எழுத வேண்டாம், திருத்தினா போதும். பாதி வேலைதான். அதனால ரேட்டும்..."

முன்பு வார்த்தைக்கு 1.25 ரூபாய், ஒரு நாளைக்கு 2,200 வார்த்தை ஓடும். இப்போது 55 பைசா, 5,000 வார்த்தை. பெருக்கிப் பாருங்கள்: அன்றும் 2,750 ரூபாய், இன்றும் 2,750 ரூபாய். வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது உண்மை. அந்த வேகத்தில் என் பங்குக்கு ஒரு பைசாகூட வரவில்லை.

பணத்தை விடுங்கள். கண்தான் பெரிய பிரச்சினை. பழைய எஞ்சினின் தப்பு தூரத்திலிருந்தே பல்லைக் காட்டும். புதியது சரளமாக எழுதுகிறது, தப்பையும் அதே சரளத்தோடு எழுதுகிறது. நான் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாத்திரைக் கையேடு, மாலை நாலு மணி, ஏறக்குறைய 180ஆவது செக்மென்ட் (திரையில் ஒவ்வொன்றாக வரும் வாக்கியத் துண்டு). 'இந்த மருந்து உங்களை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும் வரை வண்டி ஓட்டலாம்' என்று திரையில் இருந்தது. படித்தேன், எங்கும் இடறவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டேன். மூலத்தில் இருந்தது 'ஓட்டக்கூடாது'. இரண்டாம் பார்வை பார்த்தவர் பிடித்ததால் தப்பித்தோம். தமிழில் ஆமாவா இல்லையா என்பது வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. முன்பாதி ஒழுங்காக இருந்தால் வால் வரும்போது மனசு அடுத்த வரிக்கு நகர்ந்திருக்கும். நானே எழுதியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது, ஏனென்றால் எழுதும் கை அந்த வாலை யோசிக்காமல் போட முடியாது.

அதன் பிறகு வழக்கத்தை மாற்றினேன். முதல் சுற்றில் ஆங்கிலப் பத்தியை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். இரண்டாவது சுற்றில் கூடாது, வேண்டாம், தவிர, வரை ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிடுவேன். எண்களுக்கும் அளவுகளுக்கும் இன்னொரு சுற்று. ஒரு நாளைக்கு 5,000 வார்த்தை என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

2023இலிருந்து அரட்டை ஏஐயும் பயன்படுத்துகிறேன். ஆரம்பத்தில் தமிழ் என்றாலே மெதுவாக இருக்கும். தமிழ் எழுத்துகளை அது பொடிப்பொடியாக உடைத்துப் படித்ததுதான் காரணம். அந்தத் துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடல் வந்தபோது, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய உதாரணத்தில், முன்பு 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35 டோக்கனில் அடங்கியது. அதற்குப் பிறகு உரையாடல் எளிதாகிவிட்டது. நீளமான சட்ட வாக்கியத்தை அவிழ்த்துக் காட்டவும், ஒரே சொல்லுக்கு நாலைந்து மாற்று கேட்கவும், வாடிக்கையாளருக்குப் பணிவாக ஆனால் கறாராகப் பதில் எழுதவும் அது அருமையான ஆள். இதை மனதாரச் சொல்கிறேன். கலைச்சொல் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை. ஒருமுறை தானாகவே ஒரு சொல்லை உருவாக்கிக் கொடுத்து, சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இருப்பதாகச் சாதித்தது. நானும் பேரகராதியைத் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு சொல்லே கிடையாது. அப்புறம், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஆவணத்தை அதில் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். வேலையே போய்விடும்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. நான் தொழில் கற்றுக்கொண்டது வாஷிங் மெஷின் கையேடுகளில். 'வடிகுழாய்' என்று எழுதுவதா 'டிரெயின் பைப்' என்று எழுதுவதா என்று ஒரு அக்காவிடம் திட்டு வாங்கித்தான் வாசகர் யார் என்று யோசிக்கப் பழகினேன். "பழுது பார்க்க வர்ற பையன் என்ன சொல்வானோ அதை எழுதுடி" என்பார். எனக்குத் தெரிந்த ஏஜென்சிகளில் அந்த மாதிரிக் கையேடுகள் இப்போது மனிதக் கைக்கே வருவதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நேரடியாகத் திருத்தும் வேலையைக் கொடுக்கிறார்கள். எழுதியே பழகாதவர்கள் எதை வைத்துத் திருத்துவார்கள்? அந்த அக்கா போன வருடம் தொழிலை விட்டுவிட்டு டியூஷன் எடுக்கிறார்.

புது வேலைகளும் வராமல் இல்லை. ஏஐ கொடுக்கும் இரண்டு தமிழ்ப் பதில்களில் எது மேல், ஏன் என்று எழுதிக் கொடுக்கும் வேலையை நானும் ஆறு மாதம் செய்தேன். மணிக்கணக்கில் சம்பளம், நல்ல சம்பளம்தான். யாருக்குப் பாடம் எடுக்கிறேன் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

சரி, இந்த மாதிரிக் கருவியை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், வாங்குங்கள். மாதச் சந்தா நான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எந்த வேலைக்கு அதைத் தொடுவது என்பதை ஏஜென்சி முடிவு செய்ய விடாதீர்கள். போன மாதம் என் மூன்று வாடிக்கையாளர்களுக்கும் எழுதிவிட்டேன்: செயலி, விளம்பரம் எல்லாம் திருத்தித் தருகிறேன், ஒப்புதல் படிவமும் மருந்தளவு வரும் எதுவும் முதல் வரியிலிருந்து நானே எழுதுவேன், வார்த்தைக்கு 1.50 ரூபாய். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.