வாடகை ஸ்பீக்கரும் என் முதல் அறிவிப்பும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இந்த முறை அறிவிப்பாளர் நான்தான். கல்யாண வீட்டில் நன்றாகப் பேசினேனாம், அதனால் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

டவுனில் ஒரு கடையில் சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்தேன். கம்பியில்லா மைக் இரண்டு, நாள் வாடகை 90 வெள்ளி (ரிங்கிட்). சத்தம் தாராளம். தரையில் வைத்தபோது முன்வரிசைக்குக் காது அடைத்தது, செம்பனை மர ஓரம் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. லாரியின் பின்தட்டில் ஏற்றி வைத்ததும் சரியானது. மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் மட்டும் ஊளையிடும். அது பெட்டியின் குற்றமில்லை, என் குற்றம்.

கடைக்காரர் மேல் எனக்கு ஒரே கோபம்தான். மைக்கில் பழைய பேட்டரி. 4x100 அஞ்சல் ஓட்டத்தில், கடைசிப் பிள்ளை கோலை வாங்கும் நேரத்தில் குரல் செத்துவிட்டது. நீங்கள் எடுத்தால் புது டபுள் ஏ பேட்டரி நான்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். “தம்பி, ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர் கையைத் தூக்கினால் நீ வாயை மூடு.” பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்கவும் சொன்னார். கேட்காமல் விட்ட ஒரே பெயரைத் தப்பாக வாசித்தேன். அந்தப் பிள்ளையின் பாட்டி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த வருடமும் இதே பெட்டியைத்தான் எடுப்பேன்.